அத்தியாயம் 6: நமுனுகுல என்று எழுதிய பக்கற்

நமுனுகுல டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போய், "அண்ணே, நம்ம மலைத் தூள் ஒரு பக்கற் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அனேகமாகச் சிரிப்பார். அவர் அலுமாரியில் இருப்பது பல மலைகளின் தூளைக் கொழும்பில் கலந்து, கொழும்பில் கட்டி, திரும்பவும் லொறி ஏறி வந்த பக்கற்.

இந்த மலையின் கொழுந்து காலையில் பறிக்கப்படுகிறது, மடுவத்தில் நிறுக்கப்படுகிறது. பெக்டரியில் வாட்டி, அரைத்து, நொதிக்க வைத்து, சுட்டு, சலித்தால் தூள். அது பெரிய கடதாசிச் சாக்குகளில் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. ஏலப் பட்டியலில்கூடத் தோட்டத்தின் பெயர் இருக்கும். வாங்கியவர் அதை வேறு தூளோடு கலக்கும்போதுதான் பெயர் மறைகிறது. அந்த இடத்திலிருந்துதான் பெரிய இலாபமும் தொடங்குகிறது.

தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். மலை வைத்திருந்த துரைமார் அன்று எத்தனையோ பேர். உலகம் லிப்டன் பெயரை ஞாபகம் வைத்திருப்பது, தூளை அளந்து பக்கற்றில் போட்டுத் தன் பெயரில் விற்றதால். நூறு வருடம் கழித்து அதே பாடத்தை இலங்கையர் ஒருவர் திருப்பிப் படித்தார். மெரில் ஜே. பெர்னாண்டோ இங்கேயே கட்டிய பக்கற்றில், மகன்மார் டில்ஹான், மலிக் பெயர்களைச் சேர்த்த 'டில்மா' என்ற பெயரில், 1980களில் அவுஸ்திரேலியக் கடைகளுக்குள் நுழைந்தார்.

சுங்கத்தின் கணக்கிலும் பக்கற் வேறு, சாக்கு வேறு. உலகம் முழுதும் பயன்படும் பொருட் குறியீட்டில் 3 கிலோவுக்கு மேற்படாத பொதியில் உள்ள கறுப்புத் தேயிலை 0902.30, அதற்கு மேல் 0902.40. நாம் பேசப்போவது 0902.30 பற்றி. சிறிய குழு, குடும்பத் தொழில், தோட்டத்து இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்த கம்பனி: இவர்களை மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

ஒரு விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பக்கற்றில் என்ன எழுதுகிறீர்களோ, அதைக் கேட்ட நேரத்தில் கடதாசியில் காட்ட முடிய வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு விதியின் கிளைகள்.

எதை அனுப்புவது?

ஒரே ஒரு பொருளோடு தொடங்குங்கள். கலப்பு எதுவும் இல்லாத கறுப்புத் தேயிலைதான் நமக்கு இலகு. அதில் பால் இல்லை, எண்ணெய் இல்லை. ஈரம் படாமல் வைத்தால் நீண்ட நாள் கெடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கறுப்புத் தேயிலைக்கு இறக்குமதிச் சுங்க வரியும் இல்லை.

நம்மிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ந்து வீசும்போது ஊவா மலைச் செடி தண்ணீருக்குத் தவிக்கும். அந்தத் தவிப்பில் கொழுந்தில் மெதைல் சலிசிலேற் என்ற வாசனைப் பொருள் கூடுகிறது. ஒரு மிடறு குடித்தால் தொண்டையில் புதினா தொட்டது போன்ற ஒரு குளிர்ச்சி. ஊவா சீசன் தேயிலை என்று ஜப்பானும் ஜேர்மனியும் தேடி வாங்குவது இதைத்தான். ஜப்பானியர் டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் மூன்று பெரும் தேயிலைகள் என்கிறார்கள். ஆகவே உங்கள் முதல் பக்கற் கச்சான் காலத்துத் தூளாக இருக்கட்டும். மழைக்காலத் தூளைக் கட்டி 'சீசன்' என்று எழுத வேண்டாம். சுவைத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒரு கோப்பையில் கண்டுபிடித்துவிடுவார்.

வேறு பொருள் அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு நாலு எச்சரிக்கை:

• மாசிச் சம்பல், கட்டச் சம்பல்: மாசி மீன் விலங்குப் பொருள். ஐரோப்பாவுக்கு அனுப்ப அங்கீகரிக்கப்பட்ட ஆலையும் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். பால்மா கலந்த 'மூன்று சேர்ந்த' தேநீர்த் தூளும் பால்மாவால் இதே வலையில் விழும்.

• மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி, மிளகு: சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணத்தால் அஃப்லாடொக்ஸின் நஞ்சு வரும். ஐரோப்பிய எல்லை, அஃப்லாடொக்ஸின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10 மைக்ரோகிராம்.

• பெலிப்பூ, ஆவாரம்பூ போன்ற மூலிகைப் பானங்கள்: "சீனி வருத்தத்தைக் குணமாக்கும்" என்று பெட்டியில் ஒரு வரி எழுதினால் அமெரிக்காவில் அது மருந்தாகிவிடும். ஐரோப்பாவிலும் நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளில் எழுத முடியாது. சுவையைச் சொல்லுங்கள், வைத்தியம் சொல்லாதீர்கள்.

• போத்தல் பானங்கள்: நீங்கள் கப்பல் கூலி கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்கு. போத்தலின் விலை, உடைவு, கிருமி நீக்கம் எல்லாம் சேரும். அனுபவம் வந்த பிறகு பார்க்கலாம்.

எங்கெங்கே பதிய வேண்டும்?

வரிசை மாறினால் அலைச்சல் கூடும். இந்த ஒழுங்கில் போங்கள்:

1. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. கம்பனியாகப் பதிகிறவர்கள் கம்பனிப் பதிவாளரிடம்.

2. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துவோர் அடையாள எண்.

3. வங்கியில் வியாபாரக் கணக்கு. ஏற்றுமதிப் பிரிவு உள்ள கிளையாகப் பார்த்துத் திறவுங்கள்.

4. இலங்கைச் சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு.

5. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவு. 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை இது. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு இலங்கைக் கூடம் அமைத்துக் கூட்டிப்போவதும் இவர்களே.

6. தேயிலை என்றால் இலங்கைத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளர் பதிவு. 1976 முதல் இயங்கும் இந்தச் சபையின் அனுமதி இல்லாமல் ஒரு பெட்டித் தேயிலைகூடத் துறைமுகத்தைத் தாண்டாது. ஒவ்வொரு சரக்குக்கும் எந்த எந்தத் தூள் எவ்வளவு கலந்தது என்ற கலவைத் தாள் கொடுக்க வேண்டும்.

7. சிங்க இலச்சினை. பக்கற்றில் உள்ளது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே கட்டியிருக்க வேண்டும், சபையின் தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அனுமதி பெறாமல் சிங்கத்தை அச்சடித்தால் வழக்கு வரும்.

ஆறாவது படியில் பலருக்கு மூச்சு வாங்கும். களஞ்சியம், பரிசோதனை, கட்டணம் என்று சிறிய குழுவுக்குச் சுமைதான். அப்படியானால் முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு, ஏற்கெனவே பதிவுள்ள ஒரு ஏற்றுமதியாளரிடம் கூலிக்குக் கட்டிக் கொள்ளுங்கள். பிராண்ட் உங்களுடையது, ஏற்றுமதிப் பதிவு அவருடையது. ஆனால் அதற்கு முன்பே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியை உங்கள் பெயரில் பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 'நமுனுகுல' என்ற ஊர்ப் பெயரை மட்டும் தனியாகக் குறியாக்கப் பார்க்காதீர்கள். ஊர்ப் பெயர் எல்லோருக்கும் பொது. குறிக்குத் தனியான ஒரு சொல்லைத் தேடி, அதன் கீழே ஊவா, நமுனுகுல என்று ஊரை எழுதுங்கள்.

தூள் வாங்குவதும் வைத்திருப்பதும்

வீட்டில் கொழுந்தை வாட்டி உருட்டிச் செய்த தூளை ஏற்றுமதி செய்ய முடியாது. தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிந்த தொழிற்சாலையின் தூளே போகலாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, கொழும்பு ஏலத்தில் புரோக்கர் மூலம் வாங்குவது. 1883இல் தொடங்கிய அந்த ஏலம் 2020 முதல் இணையத்தில் நடக்கிறது. இன்னொன்று, தேயிலைச் சபையின் விதிகளுக்கு உட்பட்டுத் தொழிற்சாலையிடம் நேரடியாக வாங்குவது. எந்த வழியானாலும் விலைப்பட்டியலில் தோட்டப் பெயர், இலை வகை, பொதி இலக்கம், திகதி நான்கும் இருக்கட்டும். கழிவுத் தேயிலை யாராவது குறைந்த விலைக்குக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

'ஊவா' என்று எழுதப் போகிறீர்களா? அப்படியானால் தூள் ஊவாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என்று தேயிலைச் சபை ஏழு பிரதேசங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. அவை ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி.

அடுத்தது பொதி அறை. தேயிலை ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சும் பஞ்சு. நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மூடிய டப்பாவில் இரண்டு கரண்டித் தூளை ஒரு தட்டிலும், பக்கத்தில் ஒரு துண்டுச் சவர்க்காரத்தையும் வைத்து இரவு முழுதும் விடுங்கள். காலையில் அந்தத் தூளில் சாயம் போட்டு முதல் மிடறைக் குடியுங்கள். குளித்த தண்ணீரைக் குடித்த மாதிரி இருக்கும். மிளகாய் அரைக்கும் வீட்டின் பின் அறையிலோ, மண்ணெண்ணெய் கேன் இருக்கும் மூலையிலோ தேயிலை கட்டினால் லண்டனில் உள்ள வாடிக்கையாளர் குடிப்பதும் அதையே.

ஈரமும் அப்படித்தான். அடுப்பிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருக்கும். 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் வாசனை இறங்கும். இன்னும் ஏறினால் பூஞ்சணம். வடகீழ் பருவமழையில், மார்கழி தை மாதங்களில், நமுனுகுலவில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே நடந்து வரும். அந்த நாட்களில் சாக்கைப் பிரித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து உடனே வாயைக் கட்டுங்கள். ஈரம் அளக்கும் ஒரு சிறு கருவி வாங்கிவிடுங்கள். உங்கள் செலவுகளில் முதலில் திரும்பி வருவது அதன் காசுதான்.

நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் தட்டு, சுவரிலிருந்து விலகிய அடுக்கு, எலி நுழையாத கதவு, தலைக்கு வலை, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை, தங்க நகை கழற்றிய விரல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பதும் இவற்றைத்தான். வெளிநாட்டு வாங்குபவர் கேட்கும் ஐ.எஸ்.ஓ. 22000 சான்றிதழின் அடிக்கல்லும் இவையே.

கொப்பி

ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். கணினி பிறகு வரட்டும். தூள் வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியவை:

• வந்த திகதி, யாரிடம், விலைப்பட்டியல் இலக்கம், தோட்டம், வகை, கிலோ
• வந்தபோது ஈரம், கட்டும்போது ஈரம்
• கட்டிய திகதி, கட்டியவர்கள், எத்தனை பக்கற்
• பக்கற்றில் அடித்த தொகுதி இலக்கம்
• உடைந்தது, கழித்தது, மாதிரிக்கு எடுத்தது
• யாருக்கு, எந்தப் பெட்டிகள், எந்தக் கப்பல் அல்லது விமானம்

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நாலு பக்கற்றை எடுத்து, அந்தத் தொகுதியின் காலாவதித் திகதி வரை அலுமாரியில் பூட்டி வையுங்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர், "உங்கள் பக்கற்றில் மண்ணெண்ணெய் வாடை" என்று தொலைபேசியில் சொன்னால், தொகுதி இலக்கத்தைக் கேளுங்கள். உங்கள் அலுமாரியில் உள்ள அதே தொகுதியைப் பிரித்துக் குடித்துப் பாருங்கள். தவறு இங்கே நடந்ததா, அங்கே கடையில் நடந்ததா என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். கொப்பி இல்லாதவர் முழுச் சரக்கையும் திருப்பி எடுக்க வேண்டும். கொப்பி உள்ளவர் ஒரு தொகுதியை மட்டும் திருப்பி எடுப்பார்.

லேபல்

தேயிலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எல்லையில் அதிகாரி முதலில் பார்ப்பது லேபலைத்தான். 100 கிராம் பக்கற் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பொருளின் பெயர்: கறுப்புத் தேயிலை. நாடு: இலங்கைத் தயாரிப்பு. 1972இல் நாட்டின் பெயர் மாறினாலும் தேயிலைக்கு 'சிலோன்' என்ற பெயரே நிலைத்தது. இரண்டையும் எழுதுங்கள்.

நிறை: ஐரோப்பாவில் 50 கிராமுக்கு மேல் 200 கிராம் வரையான பொதியில் நிறையைக் காட்டும் எண் 3 மில்லிமீற்றர் உயரமாவது இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு கிராமோடு அவுன்ஸும் வேண்டும். 100 கிராம் என்பது 3.53 அவுன்ஸ். ஐரோப்பாவின் 1169/2011 இலக்க விதிப்படி மற்றக் கட்டாய எழுத்துகளில் ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அச்சகத்தில் முதல் தாளை எடுத்து அளவுகோல் வைத்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

திகதி: 03/04/2027 என்று அடித்தால் லண்டனில் ஏப்ரல் 3, நியூயோர்க்கில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

மொழி: ஜேர்மனிக்கு ஜேர்மன், பிரான்சுக்கு பிரெஞ்சு, கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும், வளைகுடா நாடுகளுக்கு அரபு. முதல் ஓடருக்காக நாலு விதப் பெட்டி அடிக்காதீர்கள். பொதுவான பெட்டி அடித்து, நாட்டுக்கு நாடு ஒட்டும் தாள் ஒட்டலாம். அதை இறக்குமதி செய்பவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

முகவரி: ஐரோப்பாவுக்குப் போகும் பக்கற்றில் அங்குள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கட்டாயம். வாசனை தவிர வேறெதுவும் கலக்காத தேயிலைக்குப் போசாக்கு அட்டவணை அங்கே கட்டாயம் இல்லை. இஞ்சியோ பழமோ சீனியோ சேர்த்தால் அந்தச் சலுகை பொருந்துமா என்று திரும்பப் பார்க்க வேண்டும்.

கோட்டுக் குறி: 479 என்று தொடங்கும் இலக்கம் இலங்கைக்குரியது. அதை ஜீ.எஸ்.1 ஸ்ரீலங்கா வழங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் இலவசக் கோடுகளை ஒட்டினால் வேறொருவரின் பிஸ்கட் பெயர் காசாளரின் திரையில் வரும்.

பரிசோதனை

சோதனைச் செலவைச் சிலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். மூன்று கதையைக் கேளுங்கள்.

2015இல் கிளைபோசேட் களைநாசினிக்கு நாட்டில் தடை வந்தது. புல்லுக்கு என்ன செய்வது என்று தோட்டங்கள் வேறு மருந்துகளுக்குத் திரும்பின. எம்.சி.பி.ஏ. அதில் ஒன்று. ஜப்பானில், தனி எல்லை வகுக்காத மருந்துகளுக்குப் பொது எல்லை 0.01 பி.பி.எம்., அதாவது நூறு தொன் தேயிலையில் ஒரு கிராம். எம்.சி.பி.ஏ. அந்த எல்லையைத் தாண்டியது. ஜப்பான் சரக்குகளில் சிக்கல் வந்தது. 2018இல் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்குக் கிளைபோசேட் தடை தளர்த்தப்பட்டது. புல்வெட்டிய ஆளுக்கும் யோக்கோஹாமா துறைமுகத்துக்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

2017 டிசெம்பரில், இலங்கையிலிருந்து போன ஒரு சரக்கில் கப்ரா வண்டு காணப்பட்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலை இறக்குமதியை 18ஆம் திகதி முதல் நிறுத்தியது. நம்மிடம் அதிகம் வாங்கும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. தடை இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. ஆனால் அந்த நாட்களில் முழு நாட்டின் தேயிலைத் தொழிலும் தூக்கம் இழந்தது. உங்கள் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் மரத் தட்டு வெப்பமூட்டிய முத்திரையுடன் இருக்க வேண்டும் என்ற விதி ஏன் என்று இப்போது விளங்கும்.

மூன்றாவது, அந்திராகுவினோன். தூள் சுடும் அடுப்பில் ஓட்டை இருந்து விறகுப் புகை தூளில் பட்டால் இது ஏறும். சில வகைக் கடதாசியிலிருந்தும் ஏறும். ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். தூள் வாங்கும்போதே பெக்டரியிடம் பழைய சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் எல்லைகளைச் சொல்லி, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. நமக்குக் கிட்டவே, பதுளையில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. போய்க் கதவைத் தட்டுங்கள்.

பெட்டி, கப்பல், காசு

40 × 30 × 20 சென்ரிமீற்றர் பெட்டியில் 100 கிராம் பி.ஓ.பி. (உடைந்த இலை வகை) பக்கற் 48 அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 4.8 கிலோ தேயிலை. ஒரு கன மீற்றருக்கு சுமார் 40 பெட்டி. 1,920 பக்கற், 192 கிலோ. மற்றவர்களின் சரக்கோடு ஒரே கொள்கலனில் அனுப்பும்போது கூலியைப் பெரும்பாலும் கன மீற்றரில் வாங்குவார்கள். ஒரு கன மீற்றருக்குக் குறைந்தாலும் ஒன்றுக்கான கூலியே. எனவே உங்கள் முதல் கடல் ஓடர் 40 பெட்டிக்குக் குறையாமல் இருந்தால் கணக்குச் சரிவரும். ஓ.பி., ஓ.பி.ஏ. போன்ற நீள இலை வகைகள் அதே நிறைக்குக் கூடுதல் இடம் பிடிக்கும். கப்பல் கூலியும் அதற்கேற்பக் கூடும்.

பொதுக் கொள்கலனில் பக்கத்தில் கருவாடோ இறப்பரோ இருந்தால் என்ன ஆகும் என்று சவர்க்காரச் சோதனையில் பார்த்தீர்கள். உணவுப் பொருள் மட்டும் ஏற்றும் முகவரைத் தேடுங்கள். பெட்டிக்குள் பொலித்தீன் உறை, ஈரம் உறிஞ்சும் சிறு பொதி இரண்டும் வேண்டும்.

நாட்களையும் கணக்கில் எடுங்கள். மழைக்காலத்தில் பதுளைப் பக்கம் மண்சரிவால் ரோட்டு மூடினால் லொறி நிற்கும், கப்பல் நிற்காது. கப்பல் நாளுக்கு ஐந்து நாள் முன்பாவது சரக்கு கொழும்பில் இருக்கட்டும். செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே ஐரோப்பா போகத் தொடங்கின. வாங்குபவரிடம் நாள் சொல்லும்போது முகவரிடம் அன்றைய பாதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

விலை சொல்லும்போது 'கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றிய விலை' சொல்கிறீர்களா, 'அவர்கள் துறைமுகம் வரை கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலை' சொல்கிறீர்களா என்பதை எழுத்தில் போடுங்கள். புதியவர்களுக்கு முதலாவதே நல்லது. அடக்க விலையில் மறக்கிற செலவுகள்: மாதிரிப் பக்கற், சோதனைக் கட்டணம், ஒட்டும் தாள், தேயிலைச் சபை அறவிடும் வரிகள், வங்கிக் கட்டணம், கழிந்துபோகும் தூள். எல்லாம் கூட்டிய பிறகு இலாபத்தைப் போடுங்கள். அதில் உங்கள் உழைப்புக்கும் கூலி இருக்கட்டும்.

காசுக்கு மூன்று வழி: முன்பணம், ஆவணங்களை வங்கி மூலம் கொடுத்துப் பணம் வாங்குவது, கடன் நாணயக் கடிதம். முதல் ஓடருக்குப் பாதி முன்பணமும், கப்பல் ஆவணத்தின் பிரதி காட்டியதும் மீதியும் கேளுங்கள். சொந்தக்காரர் கடை என்றாலும் கேளுங்கள். கடனாய்க் கொடுத்துக் கசந்துபோன சொந்தங்கள் போதும். பெரிய தொகைக்கு 1978இல் சட்டமாகி வந்த இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. 2021இல் மத்திய வங்கி வகுத்த விதிப்படி, ஏற்றிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வர வேண்டும். ஆகவே 'அடுத்த வருடம் தருகிறேன்' என்பவருக்குக் கொடுக்க உங்களால் முடியாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

முதல் வாங்குபவர்

லண்டன் ஈஸ்ற்ஹாம், பாரிஸ் லா சப்பல், ரொறன்ரோ ஸ்காபரோ: நம் ஆட்களின் கடைகள் வரிசையாக உள்ள தெருக்கள். அங்கே அலுமாரியில் இடம் கிடைப்பது இலகு. ஆனால் அங்கே உங்கள் பக்கற் விலைக்காக மட்டும் நிற்கும். ஊவா சீசன் தேயிலைக்கு அதன் பெறுமதியைக் கொடுப்பவர்கள் ஜேர்மனியின் தேயிலை விசேட கடைகளிலும் ஜப்பானின் இறக்குமதியாளர்களிடமும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மாதிரி அனுப்புங்கள். துபாய் கல்ஃபூட், பாரிஸ் சியால், கொலோன் அனுகா ஆகிய உணவுக் கண்காட்சிகளில் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை எதற்குப் போகிறது என்று கேட்டு வையுங்கள்.

அமெரிக்கா போக நினைப்பவர்கள், உணவு கட்டும் இடத்தை அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யில் பதிய வேண்டும். அங்கே ஒரு முகவர் வேண்டும். இரட்டைப்படை வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசெம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். மாதிரிப் பொதி என்றாலும் விதியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மாதிரியோடு ஒரு தாள் வையுங்கள். தோட்டம் எது, எந்த மாதம் பறித்தது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எப்படிச் சாயம் போடுவது. படத்தில் சிரிக்கும் அம்மாவைப் போட்டுவிட்டு, அந்த அம்மாவின் நாட்கூலியைப் பற்றி வாங்குபவர் கேட்டால் விழிக்காதீர்கள். இப்போது ஐரோப்பிய வாங்குபவர்கள் அதையும் கேட்கிறார்கள். கேட்பதும் நியாயம்.

போவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு: விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், கப்பல் ஆவணம், மூலச் சான்றிதழ், தேயிலைச் சபை அனுமதி, சோதனை அறிக்கை, கேட்டால் தாவர சுகாதாரச் சான்றிதழ், காப்புறுதி. எல்லாவற்றிலும் கிலோவும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா? ஒன்றில் 192, இன்னொன்றில் 190 என்று இருந்தால் வங்கியும் சுங்கமும் அங்கேயே நிறுத்தும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு மலைத்துப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வருடம் கப்பல் வேண்டாம். அடுத்த கச்சானில் ஒரு பெக்டரியிடம் பத்துக் கிலோ தூள் வாங்கி, நூறு பக்கற் கட்டுங்கள். பதுளையிலும் எல்லையில்லாமல் வெள்ளைக்காரர் வந்துபோகும் எல்லவிலும் விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கற்றிலும் தொகுதி இலக்கம் அடியுங்கள். ஒரு வருடம் கழித்து உங்கள் கொப்பியை எடுத்து, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அந்த நூறு பக்கற்றும் எங்கே போனது என்று சொல்லப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். முடியாவிட்டால் இன்னொரு கச்சான் பொறுங்கள். மலை எங்கும் போகாது.